கான் தண்ணி ஏன் திரும்பி வளவுக்க வருது? மாரி தொடங்க முதல் கதைச்சு முடிப்பம்

கோட்டமுனையான் | ஞாயிறு, இரவு 9.20

மட்டக்களப்பு கோட்டமுனையில எங்கட ஒழுங்கையில மூணு மாரியா ஒரே கதை. ஒரு மணித்தியாலம் மழை பெய்தாப் போதும், கான், அதான் மழைத்தண்ணி ஓடுற வடிகால், நிரம்பி வளவுக்க வந்திரும். கறுத்த தண்ணி, கிணத்துக் கட்டு வரைக்கும். போன கிழமை பெய்தது மழை எண்டே சொல்லேலாது. அதுக்கே அம்மாட செருப்பு ஒண்டு மிதந்து போய்ப் பக்கத்து வீட்டுக் கடப்பில நிண்டிச்சு.

இண்டைக்குப் பின்னேரம் பிள்ளையளக் காந்தி பூங்காவுக்குக் கூட்டிப் போனன். லைட்டு, ஊஞ்சல், கடலை விக்கிறவங்க, நல்ல சனம். வடிவாத்தான் இரிக்கி, இல்லையெண்டு சொல்லல்ல. திரும்பி வரக்குள்ள ஒழுங்கை முனையில கான் மூடி உடைஞ்சு கிடக்கு, சின்னவனத் தூக்கித்தான் அங்கால வச்சன். அப்பதான் யோசிச்சன், பூங்காவுக்குப் போற காச ஒரு வருசத்துக்குக் கானுக்குப் போட்டா என்ன?

பகிடிக்குக் கேக்கல்ல. இன்னொண்டு, இந்தக் கான் ஆருட? ரெண்டு கந்தோருக்குப் போனன், பேர் வேணாம். ஒண்டில, "இது எங்கடயில்ல, அங்க போய்க் கேளுங்க". மற்றதில, "இது எங்கடயில்ல, உங்கள இஞ்ச ஆர் அனுப்பின?"

வாவிக்கரை நடை | ஞாயிறு, இரவு 10.05

தம்பி, கானைப் பற்றி எவ்வளவும் கதையுங்க. பூங்காவில கை வைக்காதீங்க.

எனக்கு வயசு அறுபத்தெட்டு. சீனியும் பிரஷரும் ஒண்டாக் குடியிருக்கிற உடம்பு. விடிய அஞ்சரைக்குப் பூங்காவுக்கு வந்து ரெண்டு சுத்து, மறுகா பழைய கல்லடிப் பாலத்தில போய் வாறது. அதுதான் லேடி மனிங் பாலம், 1924ல கட்டினது. 2013ல பக்கத்தில புதுப் பாலம் திறந்தாப் பிறகுதான் எங்களப் போல ஆக்களுக்குப் பழையது கிடைச்சது. அதுக்கு முதல் அந்த ஒரு தடத்தில பஸ்ஸும் லொறியும் வர, சைக்கிள்காரன் கைபிடிச் சுவரோட ஒட்டிக்கிட்டுப் போவான். சீமெந்துத் தூசு படிஞ்ச சேட்டோட நானும் அப்பிடிப் போனவன்தான்.

உங்கட வயசுக்கு ஞாபகம் இருக்காது. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வாவிக்கரையில காத்து வாங்க ஏலாத யுத்த காலம் ஒண்டு இருந்தது. புளியந்தீவுக்க வாறதெண்டா பாலத்தில இறங்கி, அடையாள அட்டையக் கையில பிடிச்சிக்கிட்டு நடக்க வேணும். அந்த ஊரில ராவு எட்டு மணிக்கு ஒரு பிள்ளை ஊஞ்சலில இருந்து கத்துற சத்தம் எனக்குச் சின்ன விசயமில்ல. அதுக்குப் போற காசு வீண் காசு எண்டு மட்டும் சொல்லிப்போடாதீங்க.

ஊறணி ரீச்சர் | ஞாயிறு, இரவு 10.31

ஐயா சொல்றது சரி. ஆனா அந்த ஊஞ்சலைப் பகல் பதினொரு மணிக்குத் தொட்டுப் பாருங்க. சறுக்குமரம் தோசைக்கல்லு மாதிரிக் கொதிக்கும். எங்க பூங்கா கட்டினாலும் லைட்டும் கல்லும் வைக்கிறாங்க, நிழலுக்கு மரம் வைக்கிறது கடைசியில. பிள்ளையளுக்கு விடுமுறை பகலிலயும்தான் இருக்கு.

எங்கட ஊர்ப் பேரெல்லாத்தையும் ஒருக்கா வாசிச்சுப் பாருங்க. புளியந்தீவு, நாவற்குடா, நொச்சிமுனை, புன்னைச்சோலை, அரசடி. எல்லாம் மரம். பேரில மரம் இரிக்கி, றோட்டில மரமில்ல. 78 சூறாவளியில விழுந்ததுகளுக்குப் பிறகு நட்ட மரமும் வயருக்கு இடைஞ்சல் எண்டு கொப்புக் கொப்பா வெட்டுப்பட்டு, மொட்டைத் தூண் மாதிரி நிக்குது.

இன்னொண்டு. பூங்கா எண்டா நகரத்துக்குள்ளதான் எண்டு ஆர் சட்டம் வச்சது? எங்கட பக்கத்துத் தாய் ஒராள் மூணு பிள்ளையோட காந்தி பூங்காவுக்கு வாறதெண்டா ஓட்டோக் காசே ஊஞ்சலை விலைக்கு வாங்கிறளவுக்கு வந்திரும். பள்ளிக்கூட வளவுப் பக்கத்தில நாலு வேம்பு, ரெண்டு வாங்கு, ஒரு தண்ணிப் பைப். அது போதும்.

கட்டாக்காலி மாட்டைப் பற்றித் தனி இழை போடுறன். ராவு திருமலை வீதியில நடுவில படுத்துக்கிட்டு அசை போடுற மாடுகளுக்கு லைட் அடிச்சாலும் எழும்பாது.

சோலைவரிக் கணக்கன் | திங்கள், காலை 6.48

கோட்டமுனையான், உங்கட ரெண்டாவது கேள்விதான் முதல் கேள்வி. ஆருட கான்?

வெளியில பார்த்தா எல்லாம் "மாநகர சபை". உள்ளுக்க அப்பிடியில்ல. கல்முனைப் பக்கம் போற ஏ-4, திருகோணமலைக்குப் போற ஏ-15 ரெண்டும் வீதி அபிவிருத்தி அதிகார சபைட பொறுப்பு. அந்த வீதியோட ஒட்டின கானும் பொதுவா அந்தக் கணக்கில வரும். அடுத்த தரத்து வீதியள் மாகாணத்துக்கு. மிச்ச ஒழுங்கை, குறுக்கு வீதியள் சபைக்கு. தெரு லைட்டும் இதே மாதிரித்தான், தூண் மின்சார சபைட, பல்ப் மாத்திறது உள்ளூராட்சி சபை. குடிதண்ணி உன்னிச்சைக் குளத்தில இருந்து வவுணதீவில சுத்தமாகி வருது, அது நீர் வழங்கல் சபை. குழாய் புதைக்கக் கிண்டின றோட்டை ஆர் மூடிறதெண்டு கேட்டா அதுவும் தனிக்கதை.

உங்கட ஒழுங்கை மெயின் வீதியில போய் முட்டுதெண்டா, அந்தக் கான் ரெண்டு பேருடயதாவும் இருக்கலாம். ரெண்டு கந்தோரும் "எங்கடயில்ல" எண்டு சொன்னதில ஆளுக்குப் பாதி உண்மை இருக்கும் போல.

ஒள்ளுப்பம் பழைய கதை. மட்டக்களப்பு மாநகர சபையானது 1967ல. அதுக்குப் பிறகு எத்தின வருசம் தெரிவான சபை இருந்தது எண்டு கணக்குப் பாருங்க. 1994க்குப் பிறகு உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது 2008 மார்ச்சில. அடுத்தது 2018 பெப்ரவரி. அந்தச் சபைட காலம் 2023 மார்ச்சில முடிஞ்சது. மறுகா 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரைக்கும் மேயருமில்ல, உறுப்பினருமில்ல, ஆணையாளர்தான் எல்லாம். வட்டார உறுப்பினரைப் பிடிச்சுக் கேக்கிற பழக்கம் எங்களுக்கு விட்டுப்போனதில ஆச்சரியமில்ல.

சோலைவரி, அதான் வீடு வளவுக்குச் சபைக்குக் கட்டுற வரி, முழு வருசத்துக்கும் ஜனவரி 31க்கு முதல் கட்டினா 10 வீதம் கழிவு. எங்கட ஒழுங்கையில எத்தின பேர் கட்டினவங்க எண்டு ஒருநாள் கேட்டன். எல்லாரும் வானத்தைப் பார்த்தாங்க.

ஸ்காபரோ பனி | திங்கள், காலை 7.15

இங்கே டொரன்டோவில் 311 என்று ஒரு இலக்கம் இருக்கிறது. அழைத்து முறைப்பாடு சொன்னால் ஒரு எண் தருவார்கள், வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று அந்த எண்ணை வைத்துப் பார்க்கலாம். கான் யாருடையது என்று தேடுவது அவர்களுடைய வேலை, நம்முடையதல்ல. மட்டக்களப்பிலும் அப்படி ஒன்று தொடங்க எவ்வளவு செலவாகும்? நாங்கள் வெளியில் இருப்பவர்கள் சேர்ந்து கொடுக்கலாம்.

காத்தான்குடி மச்சான் | திங்கள், காலை 7.22

> கான் யாருடையது என்று தேடுவது அவர்களுடைய வேலை

ஸ்காபரோ நானா, சொல்றது நல்ல விசயம்தான். ஆனா அங்க பனி அள்ளுறதுக்கு முதல் மீன்பிடிக்காரரையும் வேளாண்மைக்காரரையும் கூப்பிட்டுக் கூட்டம் வைக்கிறயா? இஞ்ச மழைத்தண்ணி கடலுக்குப் போறதெண்டா கூட்டம் வேணும்.

எங்கட பக்கமும் இதே கரைச்சல்தான். சின்ன நிலம், நெருக்கமான வீடு, மதிலோட மதில். கான் ஓடுறதுக்கு இடம் விடாம வீட்டுப் படியக் கானுக்கு மேல கட்டினவங்க நாங்கதான். ஆரைக் குத்தஞ்சொல்ற? வாவி ஒண்டு, சபை வேற வேற. இஞ்ச போட்ட பேக் அங்க மிதக்கும், அங்க போட்டது இஞ்ச ஒதுங்கும்.

ஸ்காபரோ பனி | திங்கள், காலை 7.40

கூட்டமா? மழைத்தண்ணிக்கா?

பழைய ஓவசியர் | திங்கள், காலை 11.10

மச்சான் பகிடியாச் சொன்னாலும் உண்மை. வெளியில இருக்கிற தம்பிக்காக ஒள்ளுப்பம் விரிவா எழுதிறன், ஊராக்கள் பொறுங்க.

எங்கட வாவி 56 கிலோமீற்றர் நீளம். கடலுக்கு வாய் ரெண்டு இடத்தில, பாலமீன்மடுவில முகத்துவாரம், தெற்கால கல்லாற்றுப் பக்கம். கோடையில அலை மண்ணைத் தள்ளிக் கொண்டு வந்து அந்த வாயை அடைச்சுப்போடும். வடகீழ்ப் பருவமழை தொடங்கி, வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரை ஆறுகளும் குளத்து வான்களும் வாவியில விழத் தொடங்கினா நீர்மட்டம் ஏறும். வாய் தானா உடையிறதும் உண்டு, பெக்கோ விட்டு வெட்டுறதும் உண்டு.

எப்ப வெட்டுறது எண்டதிலதான் சண்டை. வாவியோரத்து வட்டையில (வயல்வெளியில) வேளாண்மை செய்தவன், "கதிர் தண்ணிக்க நிக்குது, இண்டைக்கே வெட்டு" எண்டு நிப்பான். மீன்பிடிக்கிறவன், "இப்ப வெட்டினா வாவித் தண்ணியெல்லாம் வடிஞ்சு போகும், இறாலும் போகும்" எண்டு நிப்பான். ரெண்டு பேரும் பொய் சொல்லல்ல. அதாலதான் மாவட்டச் செயலகத்தில எல்லாரையும் இருத்திப் பேசி முடிவெடுக்கிற. 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்தவங்களுக்கு அந்த முடிவு ஒரு நாள் பிந்தினா என்ன நடக்கும் எண்டு விளங்கும்.

இதுக்கும் கோட்டமுனைக் கானுக்கும் என்ன சம்பந்தம்? நகரத்துக் கானெல்லாம் கடைசியில வாவியிலதான் விழுது. நிலம் தட்டை. நூறடிக்கு நாலு அங்குலம் சரிவு கிடைச்சாலே எங்களுக்குக் கொண்டாட்டம். வாவி உயர்ந்து கான்ட வாயை மூடினா, தண்ணி போறதுக்குப் பதிலா வரும். கான் எவ்வளவு சுத்தமா இருந்தாலும் அதுதான்.

ரீச்சர் மரப் பேர் சொன்னீங்க. நான் தண்ணிப் பேர் சொல்றன். கருவப்பங்கேணி, திராய்மடு, பாலமீன்மடு, அமிர்தகழி. கேணி, மடு, கழி எல்லாம் தண்ணி நிண்ட இடம். முந்தி மழைத்தண்ணி அந்தத் தாழ்நிலத்தில போய்ப் படுத்துக் கிடந்து ஆறுதலா வாவிக்குப் போகும். கிறவல் போட்டு நிரப்பி மதில் கட்டினா, அது வேற படுக்கை தேடும். அதுதான் உங்கட கிணத்துக் கட்டு.

என்ட கணிப்புக்கு உங்கட ஒழுங்கையில வாவி மட்டந்தான் காரணம்.

கோட்டமுனையான் | திங்கள், மதியம் 1.02

ஐயா, ஒரு சந்தேகம். போன கிழமை வாவி ஏறி இருக்கல்லயே? காந்தி பூங்காக் கல்லுக் கட்டுக்குக் கீழ நல்லா இறங்கித்தான் நிண்டது. நேற்றும் பார்த்தன்.

பழைய ஓவசியர் | திங்கள், மதியம் 1.15

அப்ப நான் வந்து பார்க்க வேணும்.

அட்டாளைச்சேனை வாசி | திங்கள், இரவு 8.44

கான் அடைப்பைப் பற்றி இன்னும் ஒருத்தரும் குப்பையைச் சொல்லல்ல. எங்கட அம்பாறை மாவட்டக் கதை ஒண்டு.

பள்ளக்காட்டுக் குப்பைமேட்டுக்கு யானை வாறது உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். பிளாஸ்ரிக்கோட சாப்பாட்டு மிச்சத்தைத் திண்டு யானைகள் செத்ததை 2022ல வெளிநாட்டுச் செய்திக்காரங்களும் எழுதினாங்க. படம் பார்த்தவங்க எல்லாரும் யானைக்கு அழுதாங்க, நானும்தான். ஆனா அந்தப் பேக்கைக் கட்டினது ஆர்? சோத்து மிச்சத்தையும் பொலித்தீனையும் ஒரே முடிச்சில போட்டுக் கட்டினது எங்கட குசினியில. யானைக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது, அது பேக்கோட விழுங்கும்.

உங்களுக்கு யானைக்குப் பதிலாக் கான். அதுவும் பேக்கோட விழுங்கும்.

திராய்மடுவான் | திங்கள், இரவு 9.30

திருப்பெருந்துறைக் குப்பைமேடு பத்தி எரிஞ்சு புகை வந்த நாளை அந்தப் பக்கத்து ஆக்களிட்டக் கேளுங்க. கண்ணெரிச்சல், இருமல், கதவைச் சாத்திக்கிட்டு இருந்தவங்க. அதே காலம் கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்லையில 2017 சித்திரை வருசத்தண்டு குப்பைமலை சரிஞ்சு 32 பேர் போனாங்க. அதுக்குப் பிறகு குப்பை லொறியைக் கண்டாலே சனம் றோட்டை மறிச்சதில பிழை சொல்லேலுமா? கொடுவாமடுவில ஐரோப்பிய ஒன்றியக் காசில முறைப்படி நிரப்பிற இடம் கட்டினாங்க, நல்லது. ஆனா தூரம். லொறிக்கு டீசல் வேணும், உக்கிறதும் உக்காததும் கலந்து போனா அந்தக் குழியும் கெதியா நிரம்பும்.

நான் நாவலடி ஆள். சுனாமிக்குப் பிறகு திராய்மடுவுக்கு வந்த குடும்பம். முந்தி எங்களுக்குக் கடலும் வாவியும் ரெண்டு பக்கமும், குப்பை எண்டா தென்னோலையும் மீன் செதிலும். இப்ப கச்சேரியே, அதான் மாவட்டச் செயலகம், எங்கட பக்கம் வந்திட்டுது, கோட்டைக்குள்ள இருந்து திராய்மடுவுக்கு. புளியந்தீவுக் கடைக்காரர் யாவாரம் போச்சு எண்டு கவலைப்படுறாங்க. பென்சன் அலுவலுக்கு வாற வயசாக்கள் பஸ் ஸ்ராண்டில இறங்கி நடந்து போன காலம் போய் ஓட்டோப் பிடிக்கிறாங்க. எங்களுக்கு என்ன கிடைச்சது எண்டு கேட்டா, ஒழுங்கையில ஓட்டோக்கள் கூடியிருக்கு.

நகரவாசி77 | திங்கள், இரவு 10.02

இதெல்லாத்துக்கும் காரணம் அந்தக் கட்சிக்கு வோட்டுப் போட்டதுதான். போன முறை இவங்க

மட்டுறுத்துநர் | திங்கள், இரவு 10.11

மேலே உள்ள பதிவின் மிச்சம் நீக்கப்பட்டது. கட்சிக் கணக்குக்கு வேறு இழைகள் உண்டு. இங்கே கான், குப்பை, பூங்கா, லைட், வீதி மட்டும்.

வாவிக்கரை நடை | செவ்வாய், காலை 6.40

காலையில நடக்கக்குள்ள எண்ணிப் பார்த்தன். பூங்காவில இருந்து வெளிக்கிட்டுப் பாலத்தடி வரைக்கும் வாவி விளிம்பில ஒதுங்கிக் கிடந்தது: தண்ணிப் போத்தல் 61, யோகட் கப் 14, ஒரு ஹெல்மட், ஒரு பம்பர்ஸ் மூட்டை. மெதடிஸ்த மிசனறி வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814ல வந்திறங்கின இடமெண்டு சிலை வச்சிருக்கிறம். மனிசன் இப்ப வந்தா இறங்க இடமில்லாம ஓடத்திலயே நிப்பார்.

சோலைவரிக் கணக்கன் | செவ்வாய், காலை 8.05

கோட்டமுனையான், செய்ய வேண்டியத எழுதிறன். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. ரெண்டு கந்தோருக்கும் ஒரே கேள்வியை எழுதிக் கொடுங்க. "இந்த வரைபடத்தில் காட்டியுள்ள வடிகானின் எந்தப் பகுதி உங்கள் பொறுப்பு? கடைசியாக எப்போது திருத்தப்பட்டது?" கோபம், கவிதை, அம்மாட செருப்பு ஒண்டும் எழுதாதீங்க. தகவல் அலுவலருக்கு முகவரி. வாங்கினதுக்கு ஒப்பம் எடுக்க மறக்காதீங்க. தகவல் தாறதா இல்லையா எண்டு 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்ல வேணும். சொல்லாட்டி அதே கந்தோரில மேன்முறையீடு, அதுக்கும் அசையாட்டிக் கொழும்பில ஆணைக்குழு.

ஏன் கேக்க வேணும் எண்டு காரணம் சொல்லத் தேவையில்ல. அதுதான் இந்தச் சட்டத்தில எனக்குப் பிடிச்ச இடம்.

கோட்டமுனையான் | மூன்று கிழமைக்குப் பிறகு, வெள்ளி, இரவு 9.50

ரெண்டு கந்தோரும் பதில் அனுப்பிட்டாங்க!

ஒழுங்கைக் கான் மொத்தம் 90 அடி. மெயின் வீதிப் பக்கம் 30 அடி ஒரு கந்தோருட. உள்ள 60 அடி மற்றதுட. ரெண்டு கடிதத்திலயும் மற்றவங்கட பகுதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்ல. கணக்கன் அண்ணே, நீங்க சொன்ன அதே பாதிப் பாதி.

நாளைக்கு ஒழுங்கை ஆக்கள் சேர்ந்து சிரமதானம். ஓவசியர் ஐயாவும் வாறதாச் சொன்னார்.

கோட்டமுனையான் | ஞாயிறு, மாலை 6.15

நேற்று நடந்தது. பதினாலு பேர் வந்தம். மூடியளத் தூக்க ரெண்டு அலவாங்கு.

உள்ளுக்க இருந்து எடுத்தது எழுதிறன், ஆரையும் குத்த இல்ல, எங்கட ஒழுங்கைக் குப்பைதான் எல்லாம். இளநீர்க் கோம்பை ஒம்பது. லஞ்ச் சீற் எண்ண ஏலாது. ஒரு பிள்ளைட பள்ளிக்கூடச் சப்பாத்து. முருங்கைக் கொப்பு. ஒரு முழுக் குடம். சீமெந்துப் பால் இறுகி ஒரு பாறை, அது மதில் கட்டினவர் ஒராள்ட, அவரே வந்து அலவாங்கால உடைச்சார், ஒண்டும் கதைக்கல்ல.

ஆனா பாருங்க. என்ட வீட்டடியில சேறு ரெண்டு அங்குலந்தான். வீதி முனையிலயும் அவ்வளவுதான். நடுவில, வீதியில இருந்து சரியா 30ஆவது அடியில, சேறு முழங்கைக்கு வந்தது. அள்ள அள்ள அதே இடம்.

ஐயா ஒரு நூறடி வெள்ளை ரியூப் கொண்டு வந்தார், மேசன்மார் மட்டம் பார்க்கிறது. தண்ணியை ஊத்தி, குமிழி போகும் வரைக்கும் கையில தட்டிக்கொண்டு நிண்டார். ஒரு நுனியை என்ட மதிலில நான் பிடிச்சன். மற்ற நுனியோட அவர் போனார். ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டத்தில நிண்டாப் பிறகு, அந்தத் தண்ணிக் கோட்டில இருந்து கான்ட அடி வரைக்கும் ரேப் பிடிச்சு அளந்தம்.

என்ட வீட்டடியில 42 அங்குலம்.
உள் கான் முடியிற இடத்தில 44. ரெண்டு அங்குலம் இறக்கம், சரி.
அதுக்கு அங்கால ஒரு சாண் தள்ளி, மற்ற கந்தோருட கான் தொடங்கிற இடத்தில 38.

ஐயா திரும்பவும் அளந்தார். திரும்பவும் 38.

ஊறணி ரீச்சர் | ஞாயிறு, மாலை 6.28

விளங்கல்ல. 44க்கும் 38க்கும் எது பள்ளம்?

பழைய ஓவசியர் | ஞாயிறு, மாலை 7.02

கோட்டில இருந்து ஆழம் கூட எண்டா பள்ளம். தண்ணி 60 அடி ஒழுங்காக் கீழ இறங்கி வருது. வந்து ரெண்டு கந்தோரும் சந்திக்கிற இடத்தில ஆறு அங்குலப் படி ஒண்டில முட்டி நிக்குது. ஏறிப் போகத் தண்ணிக்குக் கால் இல்ல.

உள் கான் கட்டினவன் பிழை விடல்ல. வெளிக் கான் கட்டினவனும் பிழை விடல்ல, வீதியை உயர்த்தக்குள்ள அதுக்குத் தக்க மாதிரிக் கானையும் உயர்த்தியிருக்கான், அந்த 30 அடியும் நல்ல சரிவு. தனித்தனியா அளந்தா ரெண்டும் பாஸ். ஒட்டின இடத்தை ஒருத்தரும் அளக்கல்ல.

நான் வாவி எண்டு எழுதினன். இந்த ஒழுங்கையைப் பொறுத்தவரை வாவி மேல பிழையில்ல. முப்பத்தொரு வருசம் கான் கட்டின ஆள், வந்து பார்க்காம எழுதினது என்ட பிழை.

காத்தான்குடி மச்சான் | ஞாயிறு, இரவு 7.20

அப்ப வழி என்ன ஐயா? உள் கானை உயர்த்தினா வளவுக்க தண்ணி ஏறும். வெளிக் கானைத் தாட்டா வீதி முழுக்கக் கிண்ட வேணும்.

பழைய ஓவசியர் | ஞாயிறு, இரவு 7.41

வெளிக் கானைத் தாட்டாத்தான் சரி. 30 அடியும் அதோட சேருற கல்வெட்டு (வீதிக்குக் கீழால தண்ணி போற மதகு) வாயும். கல்வெட்டு எவ்வளவு ஆழத்தில இருக்கெண்டு இனித்தான் பார்க்கணும், அதுவும் உயரமா இருந்தா என்ட வாயைத் திறக்கமாட்டன். ஒரு தாளில கீறி, மூணு அளவையும் போட்டு, ரெண்டு கந்தோருக்கும் ஒரே கடிதம் கொடுக்கச் சொன்னன். ரெண்டு பக்கத்துத் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் ஒரே நாளில வர வேணும். தனித்தனியா வந்தா திரும்பவும் ரெண்டும் பாஸ்தான்.

ஸ்காபரோ பனி | ஞாயிறு, இரவு 8.30

அந்த ரியூப் என்ன விலை? நான் பத்து வாங்கித் தருகிறேன். 311 வேண்டாம்.

வாவிக்கரை நடை | திங்கள், காலை 6.35

தம்பி கோட்டமுனையான், பூங்காக் காசு தப்பிச்சுதா?

கோட்டமுனையான் | திங்கள், காலை 7.10

தப்பிச்சுது ஐயா. ஊஞ்சலுக்கு மேல ஒரு வேம்பு மட்டும் நடச் சொல்லுங்க, ரீச்சருக்காக.

கோட்டமுனையான் | வியாழன், மாலை 5.40

கடிதம் ரெண்டு கந்தோரிலயும் கொடுத்து ஒப்பம் எடுத்தாச்சு. இண்டைக்கு ஒரு பக்கத்தில இருந்து ரெண்டு பேர் வந்தாங்க. கீறின தாளைப் பார்த்தாங்க, கானைப் பார்த்தாங்க, மறுகா "அந்த ரியூப் இஞ்ச இருக்கா?" எண்டு கேட்டு அவங்களே ஒருக்கா அளந்தாங்க. 44, 38. புத்தகத்தில எழுதிக்கொண்டு போனாங்க. மற்றப் பக்கம் வாற செவ்வாய் வாறதாப் போனில சொல்லியிருக்கு. இவங்களையும் செவ்வாய் திரும்ப வரச் சொல்லிக் கேட்டிருக்கிறன். "பார்ப்பம்" எண்டாங்க.

ஊறணி ரீச்சர் | வியாழன், மாலை 6.05

செவ்வாய் முடிஞ்சதும் ரியூப்பை எங்கட பக்கம் அனுப்புங்க. பள்ளிக்கூடத்துக்கு முன்னால ஒரு கான் இருக்கு, பத்தாம் ஆண்டுப் பிள்ளையளையே அளக்க விடப்போறன்.

திராய்மடுவான் | வியாழன், மாலை 6.20

அடுத்தது எங்களுக்கு.

பழைய ஓவசியர் | வியாழன், இரவு 7.15

கொடுக்கலாம். மனே, ரியூப்பில இருக்கிற தண்ணியை வெளிய ஊத்திப்போட்டு வட்டமாச் சுத்தி வை, ஆணியில கொழுவாத. மடிஞ்ச இடத்தில குமிழி நிக்கும், குமிழி நிண்டா 38ம் 44ம் ஒண்டாத் தெரியும்.